கசப்பு மரமும் ஒரு றாத்தல் விதையும்



வன்னியில் வளர்ந்த எங்களில் மலேரியாக் காய்ச்சல் வராத ஆக்கள் குறைவு. எனக்கு இரண்டு தரம் வந்தது. குளோரோகுயின் குளிசையை விழுங்க ஏலாமல் நான் துப்ப, அம்மம்மா பேசுவா: "உதெல்லாம் ஒரு கசப்பே? நாங்கள் கொயினா குடிச்ச ஆக்கள்." அந்தக் கொயினா எங்கேயிருந்து வந்தது என்று பிற்காலத்தில் தேடி வாசித்தேன். அதில் மனதை விட்டுப் போகாத ஒரு கதையை இங்கே எழுதுகிறேன்.

கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காடுகள்தான் அந்த மரத்தின் பிறந்த இடம். 17ஆம் நூற்றாண்டிலேயே பட்டை ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கிவிட்டது. இருநூறு வருடமாகக் காட்டு மரங்களை வெட்டி வெட்டிப் பட்டை உரித்தார்கள். வெப்ப நாடுகளைப் பிடித்து ஆள வந்த வெள்ளைக்காரருக்கு இந்த மருந்து இல்லாமல் சரிவராது. ஆகவே மரத்தையே தங்கள் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுபோக முயன்றார்கள்.

அங்கேதான் சிக்கல். பெயர் சிங்கோனா என்று ஒன்றுதான், ஆனால் இனங்கள் பல. ஒரே இனத்துக்குள்ளும் மரத்துக்கு மரம் பரம்பரையலகுகள் வேறு. பட்டையிலுள்ள கொயினாவும் கூடும் குறையும். ஒல்லாந்தர் 1850களில் தொடங்கி யாவாத் தீவில் பாடுபட்டு வளர்த்த மரங்களில் பெரும்பாலானவற்றில் மருந்து இல்லையென்றே சொல்லலாம். ஆங்கிலேயர் 1860இல் எக்குவடோரிலிருந்து எடுத்த சிவப்புப் பட்டை இனம் நீலகிரியிலும் இலங்கையிலும் செழித்து வளர்ந்தது. ஆனால் அதிலும் கொயினா குறைவு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே இந்த மரத்துக்காகத்தான்.

எந்த மரம் நல்ல மரம் என்று தெரிந்தவர் பொலிவியாவில் இருந்தார். மனுவேல் இன்க்ரா மமானி என்ற அய்மாரா இனத்தவர் அவர். சார்ள்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் வேலை செய்தார். காட்டிலே கண்ணால் பார்த்தே மரத்தின் தரம் சொல்லக்கூடியவர். லெட்ஜர் விதை கேட்டார். நல்ல மரங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு மமானி காத்திருந்தார். வருடா வருடம் பனி வந்து காயைக் கருக்கியது. நாலு வருடம் அப்படியே போய், 1865இல்தான் விதை கைக்கு வந்தது.

லெட்ஜரின் சகோதரர் அதை லண்டனில் விற்கத் திரிந்தார். ஆங்கிலேய அரசு வாங்கவில்லை. ஒல்லாந்தர் ஒரு றாத்தல் வாங்கினார்கள். அந்த ஒரு றாத்தலில் முளைத்து வளர்ந்த மரங்களைச் சோதித்தபோது சிலவற்றின் பட்டையில் நூற்றுக்கு 13 வரை கொயினா இருந்தது!

சிங்கோனா அயன்மகரந்தச் சேர்க்கையில் இலகுவாகக் கலந்துவிடும். அதனால் ஒல்லாந்தர் நல்ல மரங்களைப் புறம்பாக நட்டார்கள். நோஞ்சான் வேர் என்பதால் சிவப்புப் பட்டை மரத்தின் அடியில் ஒட்டி வளர்த்தார்கள். வேண்டாமென்று கிடந்த இனமும் அங்கே உதவிக்கு வந்தது. 1930களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு யாவாவிலிருந்து போனது.

எங்கட நாட்டின் பக்கமும் பாருங்கள். 1869இல் கோப்பியில் நோய் விழ, தோட்டத் துரைமார் சிங்கோனாவுக்கு மாறினார்கள். தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கட சனம்தான் அந்தப் பட்டையையும் உரித்தது. 1886 அளவில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி றாத்தல் ஏற்றுமதியானது. சந்தையில் பட்டை குவிந்து விலை விழ, மரத்தைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். 1934–35இல் மலேரியா வந்து இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். ஒருகாலம் கப்பல் கப்பலாய்ப் பட்டை ஏற்றிய நாடு, கொயினாவை வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டியதாய்ப் போச்சு. 1942இல் யப்பான் யாவாவைப் பிடித்தபோது நேச நாடுகளுக்கும் அதே கதிதான். உலகம் முழுக்க ஒரு தீவையே நம்பியிருந்தது.

பிறகு குளோரோகுயினுக்கும் கிருமி அசையாத காலம் வந்தது. அப்போது கைகொடுத்ததும் ஒரு பூண்டுதான். சீனாவில் து யூயூ அம்மையாரின் குழு 1972இல் ஒரு மாசிப்பத்திரி வகையிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைப் பிரித்தது. பெய்ஜிங் பக்கத்துச் செடியில் மருந்து கொஞ்சம்தான். சிச்சுவான் மாகாணத்துச் செடியில் நிறைய. அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மமானிக்கு என்ன நடந்தது? திரும்பவும் விதை எடுக்கப் போன இடத்தில் பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, அதனாலேயே செத்தார். மரத்துக்கு லெட்ஜரின் பெயரை வைத்தார்கள்.

இங்கே எங்கட வீட்டுச் சட்டிகளில் நிற்கிற கற்பூரவள்ளி எல்லாம் ஒரு அக்கா கொண்டுவந்த ஒரே கொப்பின் பிள்ளைகள். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாய்ப் போகும். ஊருக்குப் போய்வருகிறவர்கள் வேறு வேறு வளவுகளில் என்னென்ன மூலிகை நிற்கிறது, எது நல்லது என்று அங்கேயுள்ள வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.