குடுவைக் கொடி: பூவென்று பெயர் வாங்கிய இலை



கேமரன் மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் கண்டபின் பிரிஞ்சாங் மலைக்கும் ஏறுவதுண்டு. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலையின் உச்சியை ஒட்டிப் பாசிக்காடு உள்ளது. மூடுபனியில் நனைந்த அதன் மரக்கிளைகளைப் பற்றி ஒரு கொடி படர்கிறது. இலையின் நடுநரம்பு நுனியைக் கடந்து கம்பிபோல் நீண்டு, முடிவில் மூடியுடன் கூடிய குடுவையாகத் தொங்கும். சிவப்பும் பச்சையும் கலந்த அக்குடுவையைக் கண்டதும் பிள்ளைகள் "பூ!" என்பர். பெரியவர்களும் அப்படித்தான் சொல்கின்றனர்.

அது பூவன்று, இலையின் ஒரு பகுதியே. உண்மையான பூ, கொடியின் உச்சியில் நீண்ட கொத்தாக மலர்வது, மிகச் சிறியது, இதழ் என்று சொல்லத்தக்கது அதற்கில்லை. ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ வேறொரு கொடியிலும் பூக்கும். காய் வெடித்தால் நூலிழை போன்ற விதைகள் காற்றில் பறக்கும். குடுவையின் அழகில் மயங்கியவர் எவரும் அப்பூவை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இம்மயக்கம் பழையது. மடகாஸ்கர் தீவில் ஆளுநராயிருந்த பிரெஞ்சுக்காரர் பிளக்கூர், 1658இல் வெளியிட்ட நூலில் அங்குள்ள குடுவைக் கொடியைக் குறிப்பிட்டார். பூவோ கனியோ என்று உறுதியின்றியே அவர் எழுதினார். அதைப் பறித்தால் அன்றே மழை பெய்யும் என்று தீவு மக்கள் பறிக்கத் தயங்கினராம். தாமும் தம் நாட்டவரும் பறித்தும் மழை பெய்யவில்லை என்று அவர் ஏளனமாகவே எழுதிவைத்தார். நீர் நிறைந்த கலத்தைக் கவிழ்த்தால் வானம் கவிழும் என்று எண்ணுவது எளிய மக்களின் இயல்பான கற்பனைதானே! அந்த நம்பிக்கை செடியைக் காத்தது என்பதை அவர் கருதவில்லை.

1737இல் லின்னேயஸ் இதற்கு 'நெப்பந்தஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கக் காப்பியமான ஒடிசியில் எலன் துயர் மறக்க மதுவில் கலந்த மருந்தின் பெயர் அது. நெடும்பயணம் செய்த தாவரவியலார் இக்கொடியைக் கண்டால் பட்ட துன்பமெல்லாம் மறப்பார் என்பது அவர் கருத்து. மலாய்க்காரர் 'பெரியோக் கெரா', அதாவது குரங்கின் பானை என்றனர். மேகாலயாவின் காரோ மக்களுக்கோ இது பேயின் கூடை.

நமக்கு? 1929இல் ரஸ்ஸல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் இம்மலையில் தேயிலை நட்டுக் கொய்த தமிழருக்கு ஊரிலிருந்து கொண்டுவரத்தக்க பெயர் இல்லை. தமிழ்நாட்டுக் காடுகளில் இக்கொடி இயற்கையாக வளர்வதில்லை. 'குடுவைத் தாவரம்' என்பது பாடநூல் தந்த சொல். நல்ல சொல்தான்; ஆயினும் பாட்டி சொன்ன கதையொன்று அதனுடன் வருவதில்லை.

குடுவையின் வேலையை 1874இல் ஜோசப் ஹூக்கர் தெளிவுபடுத்தினார். முட்டை வெண்கருவையும் இறைச்சியையும் அதனுள் இட்டு, அவை செரிப்பதைக் கண்டார். சத்துக் குறைந்த மண்ணில் வாழும் கொடி, வழுக்கி விழும் பூச்சிகளிடமிருந்து தழைச்சத்தைப் பெறுகிறது. பிரிஞ்சாங் மலையில் காணப்படும் மக்பார்லேன் குடுவைக் கொடி, மலேசியத் தீபகற்பத்தில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் மூடியின் உட்புறத்தில் மயிர்கள் அடர்ந்திருக்கும். மாணவர்கள் தொடாமலே குனிந்து பார்த்து இனங்காணலாம்.

தொடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவ்வினம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. எனினும் நினைவுப்பொருளாக ஒரு குடுவையைக் கிள்ளும் கையைச் சட்டம் எங்ஙனம் தடுக்கும்? கிள்ளிய இலையில் மீண்டும் குடுவை வளராது. வேரோடு பெயர்த்துக் கோலாலம்பூருக்குக் கொண்டு சென்றாலோ, குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய கொடி அவ்வெப்பத்தில் நலிந்துவிடும்.