ரிக்கற்றும் வேலியும்

யாழ்ப்பாண நகரின் ரீகல், வெலிங்டன், வின்சர் முதலிய பெருந்திரை அரங்குகளை நாம் பெற்றோரின் பேச்சிலேயே அறிந்தோம். 1990இல் போரினால் மின்சாரம் அற்றுப்போனபின், அயலார் முற்றத்தில் ஜெனரேற்றர் வைத்து ஓட்டிய தொலைக்காட்சியே நம் பிள்ளைப்பருவத்துச் சினிமா. “யார் வீட்டுப் பிள்ளை?” என்று விசாரித்தே உள்ளே விட்டனர், வேலிக்கு வெளியே நின்றோரும் உளர்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். அக்காலத்திலும் ரிக்கற் வாங்கியவர் அரங்கினுள் நுழையலாம். சாதி கடந்து தமிழர் ஒருங்கமர்ந்த இடம் சினிமா அரங்கு என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். கலரி, பல்கனி எனப் பணம் பிரித்ததை மறுப்பதற்கில்லை. எனினும் அங்கே குலம் கேட்கப்படவில்லை.

அரங்குகள் மறைந்ததும் காட்சி முற்றத்துக்குச் சென்றது. வேலியும் உடன் வந்தது. பொதுவிடம் அழியுமிடத்தில் பழைய வேலிகள் தாமே முளைக்கின்றன.