தீயணைத்த பாஷா

‘பாஷா’ என்ற பட்டத்தைக் கேட்டவுடன் இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு நினைவுக்கு வருபவர் ஒராபி பாஷாதான். 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்து, 1901 வரை வாழ்ந்து, நமது கல்வி மறுமலர்ச்சிக்குத் தோள் கொடுத்த எகிப்தியத் தளபதி அவர். அதே காலத்தில் இஸ்தான்பூலில் இன்னொரு பாஷா இருந்தார். அவர் துருக்கியருமல்லர், அரபியருமல்லர், முஸ்லிமுமல்லர். ஹங்கேரி நாட்டுப் பிரபு. தீயணைப்புப் படையொன்றைக் கட்டியெழுப்பியதற்காக அவருக்கு அப்பட்டம் கிடைத்தது. பெயர் எடன் ஸெசெனி.

உஸ்மானியர் வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. சுல்தான்களின் பெயர்களும் யுத்தங்களின் ஆண்டுகளும் நமது நூல்களில் வரிசையாக இருக்கின்றன. அந்தத் தலைநகரில் வாழ்ந்த சாதாரண மக்களின் வீடு தீப்பற்றினால் யார் ஓடிவந்தார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. அதற்கு விடை தேடியபோதுதான் இம்மனிதரை நான் அறிந்து கொண்டேன்.

இஸ்தான்பூல் மரவீடுகளின் நகரம். வீதிகளோ ஒடுங்கியவை. ஒரு வீட்டில் பற்றிய தீ காற்று வீசினால் ஒரு மஹல்லாவையே விழுங்கிவிடும். 1720ஆம் ஆண்டளவில், மூன்றாம் அஹ்மத் சுல்தானின் காலத்தில், இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் ஜானிஸரிப் படைக்குள்ளேயே தீயணைப்புப் பிரிவொன்று தோற்றுவிக்கப்பட்டது. நீரிறைக்கும் பம்பைத் துருக்கியர் ‘துலும்பா’ என்றனர். அதை இயக்கியோர் ‘துலும்பாஜி’கள். 1826இல் இரண்டாம் மஹ்மூத் ஜானிஸரிப் படையைக் கலைத்தபோது இப்பிரிவும் கலைந்தது. பின்னர் மஹல்லாக்கள் தத்தமது துலும்பாஜிக் குழுக்களை வைத்துக் கொண்டன.

1828இல் கல்லால் எழுப்பப்பட்ட பாயஸீத் கோபுரத்தின் உச்சியில் காவலாளிகள் இரவு பகலாக நின்றனர். தீயைக் கண்டால் பகலில் கூடைகளையும் இரவில் விளக்குகளையும் தொங்கவிடுவர். செய்தி சொல்பவன் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு ஓடுவான். உடனே இளைஞர்கள் பம்புப் பெட்டியைத் தோளில் சுமந்து, ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓடுவார்கள். எந்த மஹல்லா முதலில் போய்ச் சேருகின்றது என்பதில் பெரும் போட்டி. அது சில வேளைகளில் கைகலப்பாகவும் மாறியதுண்டு.

இலக்கிய நெஞ்சங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவது தகாது. இந்தத் துலும்பாஜிகள் கவிதைப் பிரியர்கள். ரமழான் இரவுகளில் அவர்கள் நடத்திய ‘ஸெமாயி’ காப்பிக் கடைகளில் நாட்டுப்பாடல்களும் போட்டிக் கவிகளும் விடிய விடிய நடக்கும். நமது கிழக்கிலங்கையின் நாட்டார் கவி மரபை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் வீரமும் கவியும் தீயை வெல்லப் போதவில்லை. 1870 ஜூன் 5ஆம் திகதி பேரா பகுதியில் மூண்ட தீ ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாம்பலாக்கியது. பிரித்தானியத் தூதரகக் கட்டிடமும் நஊம் நாடகசாலையும் அதற்குத் தப்பவில்லை. ஒரே கட்டளையின் கீழ் இயங்கும் பயிற்சி பெற்ற படையொன்று வேண்டும் என்பதை சுல்தான் அப்துல் அஸீஸின் அரசு உணர்ந்தது. அதற்குத் தகுந்தவராக அழைக்கப்பட்டவரே ஸெசெனி.

1839 டிசம்பரில் பொஸோனி நகரில் அவர் பிறந்தார். தந்தை இஸ்த்வான் ஸெசெனி, ஹங்கேரியின் அறிவியற் கழகத்துக்குத் தமது ஓராண்டு வருமானத்தை வழங்கியவர்; புடாவையும் பெஸ்டையும் இணைக்கும் சங்கிலிப் பாலத்துக்கு மூல காரணராயிருந்தவர். மகன் 1862இல் லண்டன் கண்காட்சியைக் காணச் சென்றார். அங்கு அவரது மனத்தைக் கவர்ந்தது தீயணைப்புப் படை. அதன் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 1861இல் டூலி வீதித் தீயின்போது சுவர் இடிந்து வீழ்ந்து உயிரிழந்திருந்தார். மாஸி ஷோ என்பவர் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். பிரபுவின் மகன் அவரிடம் அத்தொழிலைக் கற்றார்.

அது குதிரைகளின் காலம். பம்பு வண்டியைக் குதிரைகள் நாற்கால் பாய்ச்சலில் இழுத்துவர, மேலிருக்கும் வீரர்கள் “ஹை! ஹை!” என்று கத்தி வழிவிடச் செய்வார்கள். வண்டியின் இருபக்கமும் உள்ள நீண்ட கைப்பிடிகளைப் பலர் சேர்ந்து மாறிமாறி அமுக்கினால் இரு உருளைகளில் நீர் ஏறும். நடுவேயுள்ள காற்றறை அந்த விட்டுவிட்டு வரும் நீரை ஒரே சீரான தாரையாக்கும். மனிதக் கைகளின் வேலையை நீராவி ஏற்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

ஊர் திரும்பிய ஸெசெனி 1870இல் பெஸ்டில் தொண்டர் தீயணைப்புச் சங்கத்தை அமைத்தார். 1874இல் இஸ்தான்பூல் வந்தார். அப்போது வயது 34. இராணுவ வீரர்களைத் தெரிந்தெடுத்து, ஏணியேறவும் குழாய் பிடிக்கவும் பழக்கி, அவர்களைத் தாபூர்களாக வகுத்தார். அப்படைக்கு ‘இத்ஃபாயே’ என்று பெயர். அணைத்தல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இன்றும் துருக்கியில் தீயணைப்புப் படை அவ்வாறே அழைக்கப்படுகின்றது.

சிரமங்கள் பல. மேடும் பள்ளமுமான ஒடுங்கிய தெருக்களில் கனமான வண்டியைக் குதிரைகள் எங்கும் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே தோளில் சுமக்கும் பம்புகளும் துலும்பாஜிகளும் 1920கள் வரை நீடித்தனர். தண்ணீருக்குக் கிணறும் தொட்டியும், தோற்பையில் நீர் சுமக்கும் ‘சக்கா’க்களுமே கதி. 1880களில்தான் தெர்கோஸ் ஏரியின் நீர் குழாய்வழியே நகருக்கு வந்தது. பெருந்தீக்களும் ஓய்ந்துவிடவில்லை. 1918 மே 31இல் பாதிஹ் பகுதியில் மூண்ட தீ ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது.

எனினும் ஸெசெனி அந்நகரை விட்டுப் போகவில்லை. அப்துல் அஸீஸ் முதல் வஹீதுத்தீன் வரை ஐந்து சுல்தான்களின் ஆட்சியைக் கண்டார். மதம் மாறும்படி எவரும் அவரை வற்புறுத்தவில்லை, கிறிஸ்தவராகவே பாஷாவானார். 1922 மார்ச்சில், நேச நாட்டுப் படைகள் இஸ்தான்பூலைப் பிடித்து வைத்திருந்த வேளையில், 82ஆவது வயதில் அங்கேயே காலமானார். ஃபெரிக்கோய் கத்தோலிக்க மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவர் வளர்த்த படை நகரசபையின் பொறுப்புக்கு மாறியது.

இந்த வரலாற்றை நாம் ஏன் படிக்க வேண்டும்? ஸெசெனி இஸ்தான்பூலில் படை பழக்கிய அதே ஆண்டுகளில், மதமாற்றத்துக்கு அஞ்சி நமது முன்னோர் ஆங்கிலப் பாடசாலைகளைத் தவிர்த்து நின்றனர். அந்த அச்சம் காரணமற்றதன்று. மிஷனரிகளின் நோக்கம் கல்வி மட்டுமாக இருக்கவில்லை. ஆனால் அதனால் ஒரு தலைமுறை பின்தங்கியது என்பதும் உண்மை. மர்ஹூம் சித்திலெப்பை அவர்கள் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியதும், 1892இல் கொழும்பு ஸாஹிராவுக்கு வித்திட்டதும் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். கல்வி எங்கிருந்து வந்தாலும் பெறுவோம், அதைப் பெறும் வீடு நம்முடையதாக இருக்கட்டும் என்பதே அவர் கண்ட வழி. உஸ்மானியர் ஸெசெனி விடயத்தில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஆசிரியர் ஹங்கேரியர், படையும் கட்டளையும் நகரும் அவர்களுடையவை.

இன்றும் நம்மிடையே, சொல்லும் கருத்தைப் பார்க்குமுன் சொல்பவர் எந்த இயக்கம், எந்த ஊர், எந்த மதம் என்று விசாரிக்கும் வழக்கம் இருக்கின்றது. முன்பு வெளியாருக்கு அஞ்சினோம். இப்போது நமக்குள்ளேயே அஞ்சுகின்றோம். மஹல்லாக்கள் தமக்குள் போட்டியிட்டு ஓடிய துலும்பாஜிகளின் தீரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்ற சண்டை தெருமுனையில் நடந்து கொண்டிருந்தபோது உள்ளே ஒரு குடும்பத்தின் வீடு எரிந்து கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.