ஆரல்வாய்மொழி: மதிலும் வாயிலும்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மேற்கே நோக்குவார்க்குத் தோன்றும் மலைத்தொடர், தெற்கே நெடுந்தொலைவு சென்று குமரிமுனைக்கு அண்மையில் தாழ்கிறது. அவ்விடத்துக் கணவாயே ஆரல்வாய்மொழி. கம்பம் பள்ளத்தாக்கிற்குக் குமுளி எத்தகையதோ, நாஞ்சில் நாட்டிற்கு ஆரல்வாய்மொழி அத்தகையது. இரண்டும் மலை திறந்து வைத்த வாயில்கள்.

அவ்வாயிலுக்குத் திருவிதாங்கூர் அரசு மதிலிட்டது. கணவாயின் குறுக்கே, மலைக்கு மலை, சுமார் 2 மைல் நீளத்திற்குக் கற்சுவர் எழுந்தது. இடையிடையே பீரங்கி நிறுத்திய கொத்தளங்கள் இருந்தன. நெடுஞ்சாலை செல்வதற்கு வாயிலும் இருந்தது. 1741-இல் குளச்சற் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று சிறைப்பட்டுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான டி லனாய், இவ்வரசின் அரண்களை வலுப்படுத்தியவர். குமரிக் கடலோரத்து வட்டக்கோட்டை இன்றும் அவர் பெயரை நினைவூட்டி நிற்கிறது.

எல்லைச் சுவர்களுள் உலகறிந்தது, பிரிட்டனில் ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் தொடங்கியது. அகழியும் மண்கரையும் சூழ்ந்த அச்சுவரின் நீளம் சுமார் 117 கி.மீ. அதற்கு வடக்கே கி.பி. 142-இல் அன்டோனினஸ் பயஸ் காலத்தில் புல்மண் கட்டிகளால் எழுந்த மற்றொரு சுவர், ஏறத்தாழ 20 ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஹேட்ரியன் சுவரில் ரோமானிய மைல் ஒன்றுக்கு ஒரு வாயில் என அமைத்திருந்தனர். மக்களை முற்றும் தடுப்பதே நோக்கமாயின் இத்தனை வாயில்கள் வேண்டியதில்லை. போவார் வருவாரைக் கண்காணிப்பதும் சுவரின் தொழிலே என்பது இதனாற் பெறப்படும்.

பகையைத் தடுப்பதிலோ மதில் எல்லா வேளையும் வென்றதில்லை. 1809-இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்தபோது, கும்பினிப் படை ஆரல்வாய்மொழி வாயிலை முட்டவில்லை. இரவோடிரவாக மலைமீதேறி, பிப்ரவரி 10-ஆம் நாள் மேலிருந்து பாய்ந்து மதிலைக் கைப்பற்றியது.

பீரங்கி காவாத எல்லையைப் பின்னாளில் மொழி மாற்றியமைத்தது. மார்ஷல் நேசமணி முதலானோர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தோவாளை வட்டத்து ஆரல்வாய்மொழி எல்லையூர் என்னும் நிலை நீங்கி உள்நாட்டு ஊராயிற்று. அதே போராட்டத்தில் கோரப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே அமைந்தன. ஆகவே தெற்கே எல்லை மறைந்தது. கம்பத்து மலைப்பாதைகளில் அது நிலைத்தது.

மதிலை முற்றுதல் உழிஞை, காத்தல் நொச்சி எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கும். மதிலின் வாயில் வழியே நாள்தோறும் சென்று மீண்டவர்க்குத் திணை எது? அவர்கள் மதிலை முற்றவுமில்லை, காக்கவுமில்லை. ஆயினும் மதில் இடிந்த பின்னும் வழி அழியாமற் காத்தவர்கள் அவர்களே. இன்றும் கம்பம் பள்ளத்தாக்கின் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் எல்லை கடந்து ஏலத்தோட்டம் சென்று, அந்தி சாய மலையிறங்குகின்றனர். வென்றவர்க்கு வாகையும் காத்தவர்க்கு நொச்சியும் சூட்டிய தமிழ், இவ்வாறு கடந்து செல்வோர்க்கும் ஒரு பூவைத் தேடித் தரவேண்டும். அத்தேடல், மலைவாயிலின் அருகிருந்து பாடும் இப்பள்ளத்தாக்குக் கவிஞர்க்கே முதலில் உரியது.