வாகனம் போன பின்னும் நிற்கும் கடன்

கடனுக்குக் கார் வாங்கும் சகோதரர்கள் கையொப்பமிடும் தாள்களுள் ஒன்று காப்பீட்டுப் பாலிசி. அதில் 'ஐ.டி.வி.' என்பதற்கு எதிரே ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். கார் முற்றிலும் அழிந்தாலோ திருடுபோனாலோ காப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத்தொகை அதுவே. அத்தொகை கடன் நிலுவையைவிடக் குறைவாக இருக்குமானால், இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு கடன் வாங்கியவர் தலையிலேயே விழும். இந்தப் பள்ளம் எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்றின் வழியே அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

தவணைக் கடனில் வாகனம் வாங்கும் பழக்கம் தமிழகத்தில் லாரி, பேருந்துத் தொழிலை ஒட்டியே வேரூன்றியது. 1954-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுந்தரம் ஃபைனான்ஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுப்பொருள்களும் சிவகாசியிலிருந்து வடமாநிலங்கள் வரை லாரியில் செல்பவை. ஆதலால் வாகனக் கடன் என்பது நம் பகுதிக்கு அந்நியமானதன்று. லாரிக்கு வந்த கடன் பிற்காலத்தில் வீட்டுக் காருக்கும் வந்தது. கடன் தீரும்வரை பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயரும் இடம்பெறும். முழுச்சேதம் நேர்ந்தால் இழப்பீட்டின் முதல் உரிமையும் அந்நிறுவனத்திற்கே.

காப்பீட்டின் கதை வேறு. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 1946 முதல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்கிற்கே அது ஈடு தரும். நம் வாகனத்தின் சேதத்திற்கு அன்று. சொந்த வாகனத்திற்குரிய காப்பீடு தனியானது. 2002-இன் இந்திய மோட்டார் கட்டண விதிகள் அதற்கொரு தேய்மான அட்டவணையை வகுத்தன. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என வாகனத்தின் மதிப்பு குறையும். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச்சேதமாகக் கணக்கிடப்படும்.

ஓர் உதாரணம் காண்போம். காரின் ஷோரூம் விலை 9 லட்சம். சாலை வரி, பதிவு, காப்பீடு சேர்த்து 10 லட்சம். முழுத்தொகையையும் ஏழாண்டுக் கடனாக, ஆண்டுக்கு 9.5 சதவீத வட்டியில் ஒருவர் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 16,340 ரூபாய். பதினெட்டு மாதங்கள் தவறாமல் கட்டிய பின்னும் நிலுவை ஏறத்தாழ 8 லட்சத்து 38 ஆயிரம். தொடக்க ஆண்டுகளில் தவணையில் ஏறத்தாழப் பாதி வட்டிக்கே போவதுதான் காரணம். அட்டவணைப்படி 20 சதவீதம் குறைந்த ஐ.டி.வி.யோ 7 லட்சத்து 20 ஆயிரம். அன்று கார் அழிந்தால், காரும் இல்லை. 1 லட்சத்து 18 ஆயிரம் கடன் மட்டும் எஞ்சும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை நாம் அறிவோம். வருமானம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

மேலைநாடுகளில் இப்பள்ளத்தை நிரப்பவே 'கேப் இன்ஷூரன்ஸ்' விற்கப்படுகிறது. நம் நாட்டில் 2007-இல் காப்பீட்டுக் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு வந்த கூடுதல் பாதுகாப்புகளுள் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' அதற்கு நெருங்கியது. முழுச்சேதத்திலும் திருட்டிலும் அது தேய்மானம் கழிக்காமல் விலைப்பட்டியல் தொகையைத் தரும். பொதுவாகப் புதிய வாகனத்திற்கு முதல் சில ஆண்டுகளே கிடைக்கும். 'ஜீரோ டெப்' என்பது வேறு, அது உதிரிபாகங்களின் தேய்மானத்தை மட்டுமே ஈடுசெய்யும், இப்பள்ளத்தை மூடாது.

மார்க்க அறிஞர்களுக்கும் காப்பீடு புதிய கேள்வியன்று. டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) கடல் வணிகக் காப்பீட்டை ஆராய்ந்து, அதன்வழி இழப்பீடு பெறுவது கூடாதென்றார். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1985 டிசம்பரில், நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீடு கூடாதென்றும், கூட்டுறவுக் காப்பீடு ஆகுமென்றும் தீர்மானித்தது. அதற்கு முன்பே 1979-இல் சூடானில் தகாஃபுல் நிறுவனம் தோன்றியிருந்தது. 1984-இல் மலேசியா அதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒருவர் செலுத்த வேண்டிய இரத்த ஈட்டைக் குலத்தார் பகிர்ந்து சுமந்த ஆகிலா முறையே இவற்றுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

சுமையைப் பலர் தோளில் ஏற்றும் இம்முறையை நம் விருதுநகரும் அறியும். இவ்வூர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பொதுநிதியில் சேர்த்தனர். வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியால் 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. நம் மஹல்லாக்களின் பைத்துல்மாலும் இவ்வாறே வலுப்பெறலாம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் கடன்பட்டோரும் உள்ளனர் என்பதை நாம் மறக்கலாகாது.

எனவே வட்டிக்கடனைத் தவிர்ப்பதே முதல் வழி. சேமித்து, சிறிய வாகனத்தை ரொக்கமாக வாங்குபவருக்கு இப்பள்ளமே இல்லை. ஏற்கெனவே கடனில் உள்ளோர் இன்றே இரு தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: பாலிசியின் ஐ.டி.வி., நிதி நிறுவனத்தின் நிலுவைக் கணக்கு. பள்ளம் இருந்தால், இயன்ற தொகையைக் கூடுதலாகச் செலுத்தி அசலைக் குறையுங்கள். சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் உலமாக்கள் அனுமதிக்கின்றனர்; கூடுதல் பாதுகாப்பைப் பற்றி, உங்கள் நிலையை எடுத்துரைத்து நம்பகமான ஆலிமிடம் தீர்ப்புக் கேளுங்கள்.

கடனோடு இறந்தவரின் ஜனாஸாவிற்கு, அக்கடனை மற்றொருவர் பொறுப்பேற்கும்வரை நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கிய செய்தியை நாம் அறிவோம். அங்கே நிலுவை இரண்டு தீனார்களே. நம் பெயரில் நிற்கும் தொகை எவ்வளவு என்பதை நம் வீட்டாரும் அறிந்திருக்கட்டும். அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக.