மலையா, பள்ளமா? கண் பயிற்சியில் ஆழ மாயத்தோற்றங்கள் எதற்கு?

மொபைலில் மேப்பைத் திறந்து கோலார் தங்கவயலின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். 2001-ல் மூடப்பட்ட சுரங்கங்களின் கழிவுமண் குன்று குன்றாகக் குவிந்திருக்கும். அதைத்தான் 'சயனைடு மலை' என்கிறார்கள். படத்தில் நிழல் வடக்குப் பக்கம் விழுந்திருந்தால், சிலருக்கு அந்த மலை பள்ளமாகத் தெரியலாம். ஸ்கிரீன் சுழலாதபடி லாக் செய்துவிட்டு போனைத் தலைகீழாகப் பிடிங்க. பள்ளம் மலையாக மாறக்கூடும்.

காரணம் எளிது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் மேப்பில் வடக்கு மேலே இருக்கும். வெயில் தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழிருந்து விழும்போது மூளையின் கணக்கு தப்பிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832-ல் விவரித்த கனசதுரக் கோட்டுப்படமும் இப்படித்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்.

ஒரு கண்ணை மூடினால்?

அப்போதும் இந்த இரண்டு மாயத்தோற்றங்களும் வேலை செய்யும். எனவே, உங்கள் இரு கண்களும் ஒத்துழைக்கின்றனவா என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. 'கனசதுரம் புரண்டால் கண் சூப்பர்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிகிச்சையில் எது பயன்படுகிறது?

இரு கண்களும் சேர்ந்தால் மட்டுமே தெரியும் மாயத்தோற்றம். 'வெக்டோகிராம்' என்பது ஒரே படம் அச்சிட்ட இரண்டு ஒளிபுகும் தாள்கள். போலராய்டு கண்ணாடி போட்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தாள்தான் தெரியும். தாள்களை நகர்த்தும்போது கண்கள் உள்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். படம் உங்களை நோக்கி மிதந்து வரும், கூடவே சிறிதாகும்.

கிட்ட வந்தா பெரிசாகணுமே? விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவு மாறவில்லை. 'பக்கத்தில் வந்தும் பெரிதாகவில்லை என்றால், பொருளே சின்னதுதான்' என்று மூளை முடிவு செய்கிறது. சிலர் இதற்கு நேர்மாறாகப் பார்ப்பதும் உண்டு. மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டால், படம் மிதந்து வராது. பயிற்சியாளருக்குத் தேவையான தகவல் அதுதான். ஆக, மாயத்தோற்றம் இங்கே மருந்து இல்லை, கண் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவுகோல்.

எண்கள் என்ன சொல்கின்றன?

கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் போதுமான அளவு உள்நோக்கித் திரும்பாத குறைபாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 9 முதல் 17 வயது வரையிலான 221 பேர், 12 வாரங்கள். முடிவு 2008-ல் வெளியானது. தேறியவர்கள்:

- கிளினிக்கில் நேரடிப் பயிற்சி: 73%
- வீட்டில் பென்சில் பயிற்சி: 43%
- வீட்டில் கம்ப்யூட்டரும் பென்சிலும்: 33%
- போலிப் பயிற்சி: 35%

அதாவது, வீட்டுப் பயிற்சிகள் போலிப் பயிற்சியைத் தெளிவாகத் தாண்டவில்லை. இது சிறார்களிடம் நடந்த ஆய்வு என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ரயிலில் பெங்களூரு போய்வரும் நேரமெல்லாம் போன், ஆபீஸில் லேப்டாப். படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிகிறதா, தலைவலிக்கிறதா? ஆப்புக்குப் பணம் கட்டும் முன் கண் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி எடுக்கச் சொன்னால், 'எனக்கு என்ன குறைபாடு, எத்தனை வாரம், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்?' என்று கேளுங்கள். திடீரென இரட்டைப் பார்வை வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.