சகோதர இசைக்குழுக்களும் மேலைத்தேய இசைக் கலப்பும்: பஞ்சாபி டோல், யாழ்ப்பாண வயலின், நயினாதீவுத் தவில்

1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெதிக்கில் பல்பீர் சிங் கான்பூர், தல்பீர் சிங் கான்பூர் என்ற பஞ்சாபிச் சகோதரர்கள் ‘புஜங்கி’ என்றொரு பாட்டுக் குழுவைத் தொடங்கினார்கள். இரும்பு வார்ப்பாலைகளில் வேலைசெய்ய வந்த பஞ்சாபியர் நெருங்கி வாழ்ந்த ஊர் அது. 1970களின் தொடக்கத்தில், பர்மிங்ஹாமின் ஓரியன்ரல் ஸ்டார் ஏஜென்சிஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்த அவர்களுடைய பாடல் ஒன்றில்தான் பஞ்சாபி ஆட்ட இசையான பங்ரா முதன்முதலாக மேலைத்தேய வாத்தியங்களோடு சேர்ந்தது என்பது பிரித்தானியப் பங்ராவின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகக் கொள்ளும் கருத்து. 1977-இல் லண்டன் சவுத்தோலில் சன்னி சிங்கின் ‘அலாப்’ குழு உருவாயிற்று. பிற்பாடு வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த அண்ணன் தம்பிமார் ஐவர் ‘த சகோட்டாஸ்’ என்ற பெயரில் பங்ராவை ரெகேயோடும் ராக்கோடும் கலந்தார்கள்.

பங்ராவின் முழவு டோல் என்றால், யாழ்ப்பாணத் தமிழருக்கும் முழவு குறைவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவில் தவில் கேட்ட எவரும் அதை ஒப்புக்கொள்வர். இங்கும் தகப்பன், அண்ணன், தம்பி என்று வீடு முழுவதும் வாசிக்கும் குடும்பங்கள் உண்டு. பின்னாளில் இவர்களும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள்தாம். அப்படியிருந்தும் டோல் போன வழியில் தவில் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ராக் இசையைச் சென்றடைந்த சகோதரர்களின் கையில் இருந்தது வயலின். இதற்குத் தமிழரின் ‘பழைமைப் பற்று’ என்று சுருக்கமாகக் காரணம் சொல்லிவிடுவது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வாத்தியத்தின் அமைப்பையும், வாசிப்பவருக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

டோலின் வழி

டோலின் ஒரு முகத்தில் வளைந்த தடித்த குச்சி விழுகிறது, மறுமுகத்தில் மெல்லிய பிரம்பு. முன்னதை டாகா என்றும் பின்னதைத் தீலி என்றும் பஞ்சாபியர் சொல்வர். டாகா கனத்த அடியைக் கொடுக்க, தீலி இடைவெளிகளை நிரப்புகிறது. ‘சால்’ எனப்படும் அடிப்படை நடை எட்டு மாத்திரைக்குள் அடங்கித் திரும்பத் திரும்பச் சுழல்வது. ராக் இசையின் நான்கடித் தாளத்தோடு அது தானாகவே பொருந்திக்கொள்ளும். கிற்றாரும் டிரம்ஸும் உள்ளே வர டோல் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது சந்தை. பிரித்தானியப் பங்ராக் குழுக்களுக்குச் சோறு போட்டவை கல்யாண மண்டபங்கள். கல்யாண வீட்டாருக்கு வேண்டியது ஆட்டம். ஆடவைக்கும் எதையும், அது சின்தசைசராகவே இருந்தாலும், அவர்கள் வரவேற்றார்கள். 1980களில் பகல்நேர டிஸ்கோக்களும் வந்தன. இரவில் வெளியே போக வீட்டில் விடாத பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு அங்கே போய் ஆடிவிட்டு மாலையில் வீடு திரும்பினார்கள். கசெற் மலிவு. பெரிய இசைக் கம்பனிகளின் தயவு இல்லாமலே இந்த இசை ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டது.

சகோதரர்கள் சேர்ந்து குழு அமைப்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. ஒத்திகைக்கு வீடு இருக்கிறது. சம்பளத் தகராறு வீட்டுக்குள்ளேயே தீரும், தீராமலும் போகும். ஆனால் கலப்பிசையில் சகோதரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே பயிற்சியில் வளர்ந்தவர்களானபடியால், ஒருவர் புதிய வாத்தியத்துக்குத் தாவும்போது மற்றவர் மரபைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தமிழ் இசை வரலாறு இதற்கு நல்ல சான்று.

வயலினின் வழி

மேலைத்தேய வாத்தியம் ஒன்று கர்நாடக இசைக்குள் நிலையாகக் குடிபுகுந்ததே ஒரு தம்பியால்தான். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய முறையில் வயலின் கற்று, அதை நம் இசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரும் உடன்பிறந்தவர்களே. அவர்களில் இளையவரான வடிவேலுவின் வயலின் வாசிப்பை மெச்சித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்த வயலின் யானைத் தந்தத்தால் ஆனது. அண்ணன்மார் பாடலையும் நட்டுவத்தையும் காக்க, தம்பிமார் வெளிநாட்டு வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். சுருதி சேர்ப்பதையும் பிடிப்பதையும் மாற்றி, சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தபோது அந்த வாத்தியம் கமகத்துக்குப் பணிந்தது.

யாழ்ப்பாணத்துக் கதையிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். வயலின் பக்கவாத்தியமாகவே முடங்கிவிடக் கூடாது, தனிக் கச்சேரி வாத்தியமாக உயர வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மனைவி சீதாலட்சுமியும் இசை அறிந்தவர். பிள்ளைகளில் எல். வைத்தியநாதன் (1942), எல். சுப்பிரமணியம் (1947), எல். சங்கர் (1950) மூவரும் இந்த வீட்டில் வயலினோடு வளர்ந்தார்கள். சங்கரின் முதல் மேடை நல்லூர்க் கந்தசுவாமி கோயில். அப்போது அவருக்கு வயது ஏழு.

1958 மே மாத இறுதியில் இனக்கலவரம் வெடித்தது. அதன் சூடு தீவுப்பகுதியையும் விட்டுவைக்கவில்லை. நயினாதீவில் நாகவிகாரை தாக்கி அழிக்கப்பட்டது. கோயில் மணியும் விகாரை மணியும் கேட்கும் தூரத்தில் வாழ்ந்து பழகிய ஒரு சிறு தீவுக்கு அது ஆறாத வடு. லட்சுமிநாராயணா குடும்பம் அந்தக் கலவரத்தோடு இலங்கையை விட்டுச் சென்னைக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்து இசை வரலாற்றை எழுதுவோர் 1958-ஐ அரசியல் அத்தியாயத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கள் மண்ணில் முளைத்த ஒரு கலப்பிசைப் பரம்பரை வேரோடு பிடுங்கப்பட்ட ஆண்டு என்றும் அதைக் குறிக்க வேண்டும்.

சென்னையில் மூவரும் ஒரே மேடையில் மூன்று வயலின்களோடு கச்சேரி செய்து பேர் எடுத்தனர். அது முழுக்க முழுக்கக் கர்நாடகக் கச்சேரி. மூவரும் சேர்ந்து ராக் வாசித்ததில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரிந்த பிறகே கலந்தார்கள். மூத்தவர் தமிழ்நாட்டில் தங்கித் திரைப்படத்துக்குப் போனார். ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்தில் பாரதி பாடல்களுக்கு அவர் அமைத்த இசையும், வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987), ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் இசையும் இன்றைக்கும் பேசப்படுகின்றன. நடுச் சகோதரர் சுப்பிரமணியம் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1973-இல் அமெரிக்கா போய், அடுத்த ஆண்டு ரவிசங்கரின் குழுவோடு ஜோர்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த இசைவிழாப் பயணத்தில் வாசித்தார். பின்பு ஜாஸ் கலைஞர்களான ஹெர்பி ஹான்கொக், ஸ்டெஃபான் கிரப்பெலி ஆகியோரோடு இசைத்தட்டுகள் வெளியிட்டார்.

ராக்கை எட்டியவர் கடைசித் தம்பி. 1969-இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போன சங்கர், அங்கே எஸ். இராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டிருந்த ஜோன் மக்லொக்லினைச் சந்தித்தார். மின் கிற்றாரின் பேரிரைச்சலால் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் மக்லொக்லின். இருவரும் சாகிர் ஹுசைன், விக்கு விநாயகராம், ராமநாதபுரம் ராகவன் ஆகியோரோடு சேர்ந்து அமைத்த ‘சக்தி’ 1975-இல் மேடையேறியது. விந்தை என்னவென்றால், அங்கே ராக் கலைஞர்தான் சம்மணமிட்டு உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத கிற்றாரை எடுத்துக்கொண்டார். அதன் ஒலித்துளைக்குக் குறுக்கே ஏழு அனுதந்திகள் ஓடின. கமகம் பிடிக்கும்படி விரற்பலகை குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. இம்முறையும் மேலைத்தேய வாத்தியம்தான் இறங்கிவந்தது. சங்கரின் நேரடியான ராக் முயற்சி அதற்குப் பிறகு: 1979-இல் ஃபிராங்க் சாப்பா தயாரித்த ‘டச் மீ தேர்’, 1986-இல் கரோலின் என்பவருடன் அமைத்த ‘தி எபிடெமிக்ஸ்’ குழு. அதற்குள் கென் பார்க்கரைக் கொண்டு பத்துத் தந்தி இரட்டை வயலின் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். டபுள் பேஸின் அடித்தொண்டை முதல் வயலினின் உச்சி வரை அதற்குள் அடங்கும். பீற்றர் கேப்ரியலின் ‘பேஷன்’ (1989) இசைத்தட்டில் அந்த வாத்தியத்தைக் கேட்கலாம்.

வீட்டில் நின்ற பொப்

வித்துவான் வீட்டுப் பிள்ளைகள் கடல்கடந்து கலந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கையில் வேறொரு கலப்பு நடந்தது. உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ‘சிலோன்’ மனோகர் என்று தமிழகம் அறிந்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவை போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற பைலாவின் தாளத்தில் நின்றவை. திருகோணமலையிலும் பரமேஸ், கோணேஸ் என்ற சகோதரர்கள் தங்கள் பாடல்களை இசைத்தட்டாக்கினார்கள். கிற்றாரும் பொங்கோவும் இந்தப் பாடல்களுக்குப் போதுமாக இருந்தன. தவிலோ நாதஸ்வரமோ பக்கத்தில் வரவில்லை. பைலா ஏற்கெனவே ஆட்டத் தாளம். கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் ஆட்டத்துக்கான இடத்தை அது பிடித்துவிட்டது. பங்ராவில் டோல் செய்த வேலை இங்கே பைலாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு.

தவில் நின்ற இடம்

இனி நயினாதீவுக்கு வருவோம். திருவிழா நாள் ஒவ்வொன்றும் ஓர் உபயகாரரின் பொறுப்பு. தம் நாளுக்கு நல்ல மேளக் கூட்டத்தைப் பிடிப்பது அந்தக் குடும்பத்தின் மானப் பிரச்சினை. இணுவில், அளவெட்டி என்று மேளத்துக்குப் பேர்போன ஊர்களிலிருந்து கலைஞர்கள் குறிகட்டுவான் துறைக்கு வந்து, உறையிட்ட தவிலோடு படகேறுவார்கள். இரவில் சாமி வெளிவீதி சுற்றும்போது, சந்தியில் நிறுத்திச் சமா நடக்கும். அங்கே கூடியிருப்பவர்கள் ஆட வந்தவர்கள் அல்லர். தொடையில் தாளம் போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள். தப்பினால் அடுத்த நாளே ஊர் முழுக்கப் பேச்சு.

தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களும் தொப்பியில் கழியும் விழுகின்றன. எட்டு மாத்திரைக்குள் சுழன்றுகொண்டிருந்தால் இந்த வாத்தியத்துக்கு மதிப்பில்லை. நடை மாற வேண்டும், கோர்வை விழ வேண்டும், தீர்மானம் எதிர்பாராத இடத்தில் வந்து சேர வேண்டும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தமிழ்நாட்டு வித்துவான்களும் கொண்டாடியது இந்தக் கணக்கு வழக்குக்காகத்தான். அவர் மறைந்ததும் 1975-இல், ‘சக்தி’ மேடையேறிய அதே ஆண்டில். ‘சக்தி’யில் விநாயகராமின் கையோடு மேற்கு மேடையில் கடம் ஏறிவிட்டது. தவிலுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்திருந்தால் அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் வேறொருவர் இல்லை.

புலம்பெயர்ந்த பிறகும் நிலைமை மாறாததற்குக் காரணம் எளிது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழர் கோயில்களை எழுப்பினார்கள். கோயிலோடு உபயமும் போயிற்று, உபயத்தோடு மேளமும் போயிற்று. பஞ்சாபி டோல்காரருக்குக் கல்யாண மண்டபம் எப்படியோ, தவில்காரருக்குக் கோயில் வீதி அப்படி. வேலையும் மரியாதையும் அங்கே கிடைக்கும்போது ராக் மேடையைத் தேடிப்போக வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. இதைக் குறையென்று நான் கருதவில்லை. கடைசியில் உலகப் பொப் இசைக்குள் நுழைந்த தமிழ் முழவு உறுமி. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த எம்.ஐ.ஏ. தம் ‘கலா’ (2007) இசைத்தட்டில் உறுமி மேளத்தை எடுத்தாண்டார். உறுமி டோலைப் போலவே சுழலும் நடை கொண்டது, ஆட்டத்துக்கு உரியது.

தவிலின் இந்தத் தனிவழியை முழுமையாக எழுதுவதற்கு அச்சில் உள்ளவை மட்டும் போதா. கேட்கக்கூடிய பதிவுகள் வேண்டும். தீவுப்பகுதிக் கோயில்களில் நடந்த மேளக் கச்சேரிகளின் கசெற்றுகளை வைத்திருப்போர், இங்கே இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், அவற்றை எண்ணிமப் பிரதியெடுத்து நூலக நிறுவனத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுத்துதவுங்கள். எந்தக் கோயில், எந்த ஆண்டு, யாருடைய உபயம், யார் வாசித்தது என்ற நான்கு விவரங்களையும் மறவாமல் கூடவே எழுதி வையுங்கள்.